போர்க்களமும் பத்திரிகையும்

(கல்விக் கழக வெள்ளி விழாவையொட்டி மத்தூரில் நடைபெற்ற கருத்தரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவது மரபு. போர்க்காலத்தில் படையினர் பத்திரிகையாளரைக் கட்டுப்படுத்துவது என்னும் பொருளை நாம் எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மத்தூரைச் சுற்றி மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் உண்டு, போர்க்களம் இல்லை. விடியுமுன் எழுந்து ஓசூருக்கும் பர்கூருக்கும் தொழிற்சாலைப் பேருந்து ஏறுகின்ற நம் பிள்ளைகள் பீரங்கியின் ஓசையைக் கேட்டதில்லை. ஆயினும் இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு உண்டு.

எழுத்தறிவு பெற்றவன் அடுத்துப் பெறவேண்டியது, எழுதப்பட்டதை எடைபோடும் அறிவாகும். அவ்வறிவுக்குப் போர்க்காலத்தைப் போன்ற கடுந்தேர்வு வேறில்லை. இது முதற் காரணம். செய்தியின் வாயில் அடைபட்ட இடங்களிலெல்லாம், கணக்கில் வராமல் மாண்டவர்கள் யார் என்று பார்த்தால், நிலமற்றவரும் கூலி உழைப்பாளரும் குரலற்றவருமே முன்னிற்கின்றனர். ஆகவே இது நம்மைப் பற்றிய பேச்சும் ஆகும். இது இரண்டாவது காரணம்.

இருவகை மறைப்பு

முதலில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். போரில் மறைக்கவேண்டிய செய்திகள் உண்டு. எந்தப் படைப்பிரிவு எந்தச் சாலையில் எந்த இரவில் செல்கிறது, கப்பல் எத்துறையிலிருந்து புறப்படுகிறது, வெடிமருந்துக் கிடங்கு எங்குள்ளது என்பனவற்றைப் பத்திரிகையில் எழுதினால் உயிர்கள் போகும். நம் மாவட்டத்திலும் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்குக் காத்திருக்கும் பெற்றோர் உள்ளனர். அவர்கள் முன்னிலையில் ‘எதையும் மறைக்கக்கூடாது’ என்று நாம் முழங்க முடியாது.

2008 நவம்பரில் மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கியபோது, விடுதிகளுக்குள் அதிரடிப் படையினர் இறங்கியதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. உள்ளிருந்த கொலைஞர்களை வெளிநாட்டிலிருந்து இயக்கியவர்கள் அதையே பார்த்து வழிகாட்டினர். 2012இல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பின்னர் 2015இல், பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் ஒளிபரப்பலாகாது என விதி வகுக்கப்பட்டது. அது நியாயமான கட்டுப்பாடு என்றே கொள்வோம்.

ஆயின் மறைப்பு மற்றொரு வகையாலும் நிகழ்கிறது. மருத்துவமனைமீது குண்டு விழுந்தது, உணவு தீர்ந்தது, பொதுமக்கள் இத்தனை பேர் இறந்தனர். இச்செய்திகள் யாருக்குத் தெரியாமல் மறைக்கப்படுகின்றன? குண்டு வீசியவனுக்கு எங்கு வீசினோம் என்பது தெரியும். அங்கிருந்த பகைவனுக்கும் எங்கு விழுந்தது என்பது தெரியும். தெரியாதிருப்பவர்கள் வரி கொடுக்கும் குடிமக்களும் உலகமுமே. பகைவனுக்குத் தெரிந்ததைச் சொந்த மக்களுக்கு மறைத்தல் பாதுகாப்பு ஆகாது. அது பொறுப்பிலிருந்து தப்பும் வழியே ஆகும். இளைஞர்களே, இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் சொல்லப்போவன யாவும் இதன் விளக்கமே.

கட்டுப்பாடு வளர்ந்த கதை

போர்முனைக்கு நிருபரை அனுப்பும் வழக்கம் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1854இல் கிரிமியப் போருக்கு இலண்டன் டைம்ஸ் இதழின் சார்பில் வில்லியம் ஓவர்டு ரசல் சென்றார். காயமுற்ற பிரித்தானியப் போர்வீரர்கள் மருந்தும் கட்டுத்துணியும் இன்றி மடிவதை அவ்விதழின் செய்திகள் உலகறியச் செய்தன. அவ்வெழுச்சியின் பயனாகவே பிளாரன்சு நைட்டிங்கேல் செவிலியருடன் அங்கு சென்றார். 1855இல் இங்கிலாந்தில் அமைச்சரவையே கவிழ்ந்தது. இதில் கவனிக்கத்தக்கது, ரசலின் எழுத்தால் நன்மை பெற்றவர் சாதாரணச் சிப்பாய்களே என்பது. செய்தியாளன் படைவீரனின் பகைவன் என்று சொல்வோருக்கு இதுவே விடை. ஆயினும் அப்போர் முடியுமுன், 1856இலேயே பகைவருக்குப் பயன்படும் செய்திகளை வெளியிடுவதைத் தடுக்கும் படை ஆணை பிறந்துவிட்டது.

அதன்பின் முறைகள் நுட்பமாயின. 1982இல் ஃபாக்லாந்து தீவுப் போருக்குப் பிரித்தானியச் செய்தியாளர் சிலரை மட்டும் போர்க்கப்பல்களில் ஏற்றிச் சென்றனர். செய்தி அனுப்பவும் அக்கப்பல்களையே நம்பவேண்டியிருந்ததால் படச்சுருள்கள் வாரக் கணக்கில் தாமதமாயின. அடுத்த ஆண்டு கிரெனடாவில் அமெரிக்கப் படை இறங்கியபோது முதல் இரண்டு நாள் எந்தச் செய்தியாளரையும் விடவில்லை. 1991 வளைகுடாப் போரில் சிறு குழுக்களாகப் பிரித்துக் காவலர் துணையுடன் அழைத்துச் சென்றனர். 2003 ஈராக் போரில் நூற்றுக்கணக்கான நிருபர்களைப் படைப்பிரிவுகளுடனேயே தங்கவைத்தனர். படைவீரனின் வண்டியில் ஏறி, அவன் உணவை உண்டு, அவன் காவலில் உறங்கும் நிருபனுக்கு அவன் காணும் போரே போராகத் தெரியும். குண்டு விழுந்த வீட்டின் உட்புறம் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2023 அக்டோபருக்குப் பின் காசாவில் நிகழ்ந்த போரில், வெளிநாட்டுச் செய்தியாளர் தன்னிச்சையாக உள்ளே நுழைய இசுரேல் அனுமதி மறுத்தது. படையினர் துணையுடன் சென்றவர் மட்டுமே சிலவற்றைக் கண்டனர். உள்ளேயே பிறந்து வளர்ந்த பாலத்தீனச் செய்தியாளர்கள் எழுதினர். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வங்கத்தில் மறைக்கப்பட்ட பசி

நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் வங்காளத்தில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. சப்பானியர் வந்துவிடுவர் என்னும் அச்சத்தால், 1942இலேயே கடலோர மாவட்டங்களிலிருந்து நெல்லையும் படகுகளையும் அரசாங்கம் அகற்றிவிட்டது. விலை ஏறியது, கூலி ஏறவில்லை. மாண்டவர் தொகையை 1945இல் அரசு விசாரணைக் குழு சுமார் 15 இலட்சம் என்றது; பிற்கால ஆய்வாளர் பலர் 30 இலட்சம் வரை கூறுகின்றனர். அவர்களுள் முதலில் மடிந்தவர்கள் நிலமற்ற விவசாயக் கூலிகளும் மீனவரும் ஆவர் என்று அமர்த்தியா சென் தம் ஆய்வில் எடுத்துக்காட்டினார்.

போர்க்காலத் தணிக்கை நடைமுறையில் இருந்தது. ‘பஞ்சம்’ என்னும் சொல்லையே அரசு விரும்பவில்லை. பசி உண்டென்று அறிவித்தால் சோறு போடும் கடமையும் உடன் வரும் அல்லவா? அந்நிலையில் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழின் ஆங்கிலேய ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ், 1943 ஆகஸ்டு 22 அன்று தெருவில் மாண்டுகிடந்தோரின் நிழற்படங்களை அச்சிட்டார். அதன்பின்னரே தில்லியும் இலண்டனும் அசைந்தன. சித்தபிரசாத் என்னும் ஓவியர் மேதினிபுரிப் பகுதியில் நடந்து சென்று, தாம் கண்டவற்றை வரைந்து ‘பசித்த வங்கம்’ என்னும் பொருள்படும் நூலாக்கினார். அதன் படிகளை அரசு பறிமுதல் செய்து அழித்தது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? மக்கள் நெல் இன்மையால் மட்டும் சாகவில்லை. அவர்கள் சாகின்ற செய்தி வெளியே செல்லாமையாலும் செத்தனர். செய்தி ஒரு மாதம் முன்னே சென்றிருந்தால் கஞ்சித் தொட்டியும் ஒரு மாதம் முன்னே வந்திருக்கும்.

வன்னியில் அடைபட்ட வாயில்

இனி நம் மொழி பேசும் மக்கள் மாண்ட வன்னிக்கு வருவோம். இலங்கைப் போர் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்து 2009 மே மாதம் முடிந்தது. அப்போர்க்களத்தில் அகப்பட்டவர்கள் யாரோ அயலார் என்று எண்ணிவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் கங்காணிகளால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களுள் பெரும்பகுதியினர் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆள் சேர்த்த மாவட்டங்களுள் பழைய சேலமும் ஒன்று. மத்தூரும் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தில்தான் அடங்கியிருந்தது. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் தோட்டங்களை விட்டு ஓடிய மலையகத் தமிழர் பலர் வன்னியில் குடியேறிக் கூலி செய்து வாழ்ந்தனர். கடைசிப் போரில் அவர்களும் அகப்பட்டனர். அப்போர்களிலிருந்து தப்பி வந்தோரின் பிள்ளைகள் இன்றும் தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களிலிருந்து அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றனர்.

அந்நாட்டில் செய்தியை அடைத்தது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. அதில் நம் நாட்டுப் படையின் பங்கும் உண்டு. 1987 அக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படை புலிகளுடன் போரைத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தில் ஈழமுரசு, முரசொலி ஆகிய நாளேடுகளின் அச்சு இயந்திரங்களை வெடி வைத்துத் தகர்த்தது. 1998இல் இலங்கை அரசு போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதித்தது. 2000 மே மாதம் யாழ்ப்பாணத்தின் உதயனும் கொழும்பின் சண்டே லீடரும் மூடப்பட்டன. சண்டே லீடர்மீதான தடை செல்லாது என்று அடுத்த மாதமே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் சொல்லவேண்டும். சட்டத்தின் கதவு அன்று முழுவதும் மூடப்பட்டிருக்கவில்லை.

ஆனால் சட்டத்திற்கு வெளியே நடந்தவற்றை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. பி.பி.சி.க்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் பிறந்து இலண்டன் இதழுக்கு எழுதிய மேரி கொல்வின் 2001இல், தடையை மீறி வன்னிக்குள் சென்று, உணவும் மருந்தும் மறுக்கப்பட்ட மக்களைக் கண்டு திரும்பும்போது எறிகுண்டால் ஓர் கண்ணை இழந்தார். (2012இல் சிரியாவின் ஹோம்சு நகரில் உயிரையும் இழந்தார்.) 2005 ஏப்ரலில் தராக்கி என்னும் புனைபெயரில் எழுதிய சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே 2 அன்று உதயன் அலுவலகத்துள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றனர். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள்.

புலிகளின் பக்கமும் நியாயமாகப் பார்ப்போம். தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியில் அவர்கள் மாற்றுக் குரலுக்கு இடமளிக்கவில்லை. அவர்களுடைய ஏடும் வானொலியும் சொன்னதே அங்குச் செய்தி. ஆகவே வன்னி மக்களின் உண்மை நிலையை எழுதும் தன்னுரிமை பெற்ற பேனா இரு பக்கத்தாராலும் ஒடிக்கப்பட்டிருந்தது.

இனிக் கடைசி மாதங்களைக் காண்போம். 2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா. நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் வெளியேற வேண்டுமென அரசு ஆணையிட்டது. செஞ்சிலுவைச் சங்கம் ஓரளவு எஞ்சியது. தன்னிச்சையாகச் செய்தி சேகரிக்கும் நிருபர் எவரும் உள்ளே செல்ல அனுமதி இல்லை. படையினர் தேர்ந்தெடுத்து அழைத்துச் சென்றவர்கள் கைப்பற்றப்பட்ட ஊர்களை மட்டும் கண்டனர். 2009 சனவரி 2 அன்று கிளிநொச்சி வீழ்ந்தது. சனவரி 8 அன்று சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, பட்டப்பகலில் அலுவலகம் செல்லும் வழியில் கொல்லப்பட்டார். அவர் சிங்களவர் என்பதை நினைவில் கொள்க. கொன்றவர்கள் இன்றளவும் தண்டிக்கப்படவில்லை. அதே மாதத்தில் பொதுமக்களுக்கென ‘பாதுகாப்பு வலயம்’ அறிவிக்கப்பட்டது; அவ்வலயத்துள்ளும் குண்டுகள் விழுந்தன.

இப்போது ஓர் எண்ணைக் கவனியுங்கள். போர்ப் பகுதியில் இருப்போர் சுமார் 70,000 பேர் என்று அரசு சொன்னது. அங்கிருந்த அரசு அலுவலரோ மூன்று இலட்சத்துக்கு மேல் என்று கணக்கு அனுப்பினர். அக்கணக்கு ஆதாரமற்றது என்று மேலிடம் தள்ளிவிட்டது. போர் முடிந்தபின் முட்கம்பி முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 2,90,000 பேர். குறைத்துச் சொன்ன எண்ணின் அடிப்படையிலேயே உணவும் மருந்தும் அனுப்பப்பட்டன என்று பின்னர் ஐ.நா. வல்லுநர் குழு கூறியது. ஓர் எண்ணை மறைத்ததால் எத்தனை வாய்க்குச் சோறு இல்லாமற் போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். வங்கத்தில் ஒரு சொல்லை மறைத்தனர். வன்னியில் ஓர் எண்ணை மறைத்தனர்.

செய்தியாளர் இல்லாத இடத்தில் செய்தி சொன்னவர்கள் அரசு மருத்துவர்கள். சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலானோர் பள்ளிக்கூடங்களிலும் மரத்தடியிலும் மருத்துவம் செய்துகொண்டே, தொலைபேசி வழியாக வெளியுலகிற்கு இறந்தோர் கணக்கைச் சொன்னார்கள். மே மாதம் அவர்கள் வெளியே வந்ததும் கைதாயினர். சூலை 8ஆம் நாள், காவலில் இருந்த நிலையிலேயே, கொழும்பில் நிருபர்கள் முன் நிறுத்தப்பட்டுத் தாங்கள் முன்பு சொன்ன தொகைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றனர். காவலில் இருப்பவன் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2009 ஏப்ரல் 27 அன்று, தமிழ்நாட்டில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி உண்ணாநோன்பு மேற்கொண்ட அதே நாளில், இனிப் பேரழிவு தரும் கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவதில்லை என இலங்கை அரசு அறிவித்தது. இங்குள்ளோர் பலர் நம்பினர். அவ்வறிவிப்புக்குப் பின்னரும் பீரங்கித் தாக்குதல் தொடர்ந்தது என்று ஐ.நா. வல்லுநர் குழு பின்னாளில் எழுதியது. அங்கு ஒரே ஒரு நிருபர் நின்றிருந்தால் மறுநாளே உண்மை தெரிந்திருக்கும். தெரிய ஈராண்டு ஆயிற்று. உள்ளிருந்த தம் ஆட்கள் வழியே ஐ.நா. அலுவலகம் திரட்டிய கணக்கு, 2008 ஆகஸ்டு முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்தனர் என்றது. அக்கணக்கையும் ஐ.நா. அப்போது வெளிப்படையாக முழங்கவில்லை; அத்தவற்றை 2012இல் அதன் சொந்த விசாரணை அறிக்கையே குறிப்பிட்டது. அந்த மே 13ஆம் நாள்தான் தமிழ்நாட்டு மக்கள் மக்களவைத் தேர்தலுக்கு வாக்களித்தனர். முள்ளிவாய்க்காலில் நிகழ்வதை அறியாமலே நாம் வாக்குச்சாவடியில் வரிசையில் நின்றோம். செய்தி மறைப்பு கடலைக் கடந்தும் குடிமகனின் கண்ணைக் கட்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2011இல் வெளிவந்த வல்லுநர் குழு அறிக்கை, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்றது. இலங்கை அரசு அதை மறுத்தது. அத்தொகை இன்றும் வழக்காடப்படுகிறது. மக்களைத் தம்மோடு வலிந்து நிறுத்தினர், தப்பியோடியவர்களைச் சுட்டனர் என்று புலிகள்மீதும் அதே அறிக்கை குற்றம் சாட்டியது. வாயில் அடைபட்டதால் இரு தரப்பின் குற்றங்களும் ஐயத்தின் நிழலில் ஒதுங்கின. நீரில் தத்தளித்த முதியவரைத் தூக்கிக் கரைசேர்த்த சிப்பாய்கள் இருந்திருந்தால், அவர்தம் நற்செயலையும் இன்று நம்புவார் இல்லை. சாட்சியை விரட்டிய இடத்தில் குற்றமற்றவனுக்கும் சாட்சி இல்லாது போகிறது.

எழுதியவர்க்குக் கிடைத்தது என்ன? முன்னரே எழுதிய சில கட்டுரைகளுக்காகத் திசைநாயகம் என்னும் இதழாளருக்கு 2009 ஆகஸ்டு 31 அன்று 20 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் மறு ஆண்டு அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. முகாமில் நடந்தவற்றை ஒளிபரப்பிய பிரித்தானியச் சானல் 4 குழு நாடு கடத்தப்பட்டது.

நம் தெருவும் அடைபட்ட வாயிலும்

வன்னியின் கதையைக் கேட்கும்போது நம் மனத்தில் பழகிய காட்சி ஒன்று தோன்றுகிறது. கலவரம் நடந்த ஊருக்கு வரும் நிருபர் முதலில் எங்கு அமர்கிறார்? பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில். அவருக்குக் காப்பி கிடைக்கிறது, கதையும் கிடைக்கிறது. காலனிக்குச் செல்லும் வழி அவருக்குக் காட்டப்படுவதில்லை. மறுநாள் ஏட்டில் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று நான்கு வரி வருகிறது. படையினர் துணையுடன் போர்க்களம் காண்பதும், பெரிய மனிதர் துணையுடன் சேரியைக் காண்பதும் அளவில் வேறு, முறையில் ஒன்றே.

வாயில் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய காலனிகளில் நம்மவரின் 200க்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. நிருபர்கள் நேரில் வந்தனர். கருகிய சுவரையும், உருகிய பாத்திரத்தையும், எரிந்த சான்றிதழ்களையும் படம் பிடித்தனர். நாடு அறிந்தது. நிவாரணம் போதுமா, நீதி கிடைத்ததா என்பன வேறு கேள்விகள். ஆயினும் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

செய்தி இல்லாத இடத்தைப் புரளி நிரப்பும்

செய்தியை அடைத்தால் அமைதி வரும் என்று ஆள்வோர் எண்ணுகின்றனர். வருவது புரளியே. எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இது அனுபவப் பாடம். காவிரிச் சிக்கலை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரிலும் சுற்றிலும் தமிழர் தாக்கப்பட்டபோது, கூலி வேலைக்குச் சென்றிருந்த எண்ணற்ற குடும்பங்கள் ஓசூர் வழியே ஓடி வந்தன. 2016 செப்டம்பரில் பேருந்துகள் எல்லையில் நின்றுபோக, அத்திப்பள்ளிக்கும் சூசூவாடிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தனர். அத்தகைய நாட்களில் போச்சம்பள்ளிச் சந்தையில் ஒருவன் சொன்னது மத்தூர் வந்து சேர்வதற்குள் பத்தாகப் பெருகும் என்பது நாம் அறிந்ததே. நம்பத்தக்க செய்தி வந்து சேர்ந்த பின்னரே நெஞ்சு அடங்கும்.

2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே சில நாள் போர் மூண்டபோது, படை நடமாட்டத்தை நேரலையில் காட்டவேண்டாம் என்று அரசு அறிவுறுத்தியது. அதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் சில தொலைக்காட்சிகள் கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று இரவு முழுதும் முழங்கின. விடிந்தபின் அது பொய் என்று தெரிந்தது. ஆகவே வாயிலை அடைப்பவன் மட்டும் உண்மையின் பகைவன் அல்லன். வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டே உள்ளே கண்டதாகச் சொல்பவனும் பகைவனே.

நம் கடமை

இளைஞர்களே! இவ்வளவும் கேட்டபின், மத்தூரில் இருந்துகொண்டு நாம் செய்யத்தக்கது யாது? மூன்று சொல்லி முடிப்போம்.

முதலாவது, செய்தியைக் கேள்வி கேட்டுப் படியுங்கள். இதை யார் சொல்கிறார்? அவர் அவ்விடத்தில் இருந்தாரா? இருந்தால், அவரை அங்கு அழைத்துச் சென்றவர் யார்? யாரை உள்ளே விடவில்லை? இந்நான்கு கேள்விகளைப் பத்தாம் வகுப்பு மாணவனும் கேட்கலாம். கைப்பேசியில் வரும் படத்தை அடுத்தவருக்கு அனுப்புமுன் கேட்கலாம். நம் படிப்பகத்தில் ஒரே ஏட்டை மட்டும் வாங்காமல், கருத்தால் மாறுபட்ட இரண்டு மூன்று ஏடுகளை வாங்கி ஒப்பிட்டுப் படிக்கும் வழக்கத்தைக் கழகம் ஏற்படுத்தவேண்டும்.

இரண்டாவது, நாமே எழுதவேண்டும். இது நம் முன்னோர் காட்டிய வழி. 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். 1907 சூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அவர் மறைவுக்குப் பின், நமக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தினார். சுரங்கத்தின் இருட்டில் உழைத்தவர்கள் காசு சேர்த்து வாங்கிப் படித்த இதழ் அது. அண்ணல் அம்பேத்கர் 1920 சனவரி 31 அன்று பேச்சற்றோரின் தலைவன் எனப் பொருள்படும் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட அக்காலத்துப் பெரிய ஏடாகிய கேசரி மறுத்துவிட்டது. பிறர் ஏட்டின் கதவு அடைபட்டபோது அவர்கள் தங்கள் கதவைத் தாங்களே செய்துகொண்டனர். நம் கழகத்திலும் ஒரு பதிவேடு வேண்டும். நம் தெருக்களில் நடப்பவற்றை நாள், இடம், சாட்சி ஆகியவற்றுடன் மிகையின்றி அதில் எழுதிவாருங்கள். வன்னி மருத்துவர்கள் செய்தது அதுவே. அவர்கள் கணக்கு வைத்திராவிடின் உலகம் கேட்பதற்கு ஒன்றுமே இருந்திராது. பெண்மக்களும் அதில் எழுதவேண்டும். வீட்டுக்குள்ளும் வயலிலும் நிகழ்வனவற்றை அவர்களே அறிவர்.

மூன்றாவது, பத்திரிகைத் தொழிலுக்கு நம் பிள்ளைகள் செல்லவேண்டும். ஆசிரியர், காவலர், தொழிற்சாலைப் பணியாளர் என்பதோடு நம் கனவு நின்றுவிடலாகாது. செய்தி அறைகளில் நம்மவர் மிகக் குறைவு. போர்க்களத்திலிருந்தாயினும் காலனியிலிருந்தாயினும், எதைச் செய்தி என்று கொள்வது என முடிவு செய்யும் மேசையில் நம்மவர் ஒருவர் அமர்ந்திருந்தால், ‘அந்த மக்களிடம் கேட்டீர்களா?’ என்னும் கேள்வியேனும் எழும்.

இறுதியாக ஒன்று. நம் அரசியலமைப்பில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனி விதி இல்லை. 19ஆம் விதி குடிமகனுக்குத் தந்த பேச்சுரிமையிலேயே அது அடங்கும். பத்திரிகைக்கென்று குடிமகனுக்கு இல்லாத தனியுரிமை ஏதுமில்லை என்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கரே விளக்கினார். நாட்டின் பாதுகாப்புக்காக அவ்வுரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ‘நியாயமான’ என்னும் அச்சொல்லைக் காக்கவேண்டியவர் யார்? பத்திரிகை முதலாளியோ வழக்கறிஞரோ மட்டும் அல்லர். உரிமை குடிமகனுடையது என்றால் காவலும் அவனுடையதே. போர்க்களத்தின் வாயிலில் நிருபன் தடுக்கப்படும்போது தடுக்கப்படுவது அவன் கால். கட்டப்படுவது நம் கண்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தைத் தந்த இக்கழகம், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் எழுத்தாளரையும் தரவேண்டும் என்று வாழ்த்தி அமைகிறோம்.